அரைக்கிலோ பாய்

எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் பாய், முதுகுக்குப் பின்னால் அரைக்கிலோ பாய். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். "அரைக்கிலோன்னா ஐநூறு கிராம்தானே மச்சான். கரெக்டாத்தானே சொல்றானுங்க" என்பார். கோபமே வராத ஆளைக் கிண்டல் செய்வதில் என்ன சுகம் இருக்கிறது? இருந்தாலும் விடாமல் செய்தோம்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. துப்பாக்கி இன்ன அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். கைப்பிடி மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது. ஷூ கணுக்காலை மூடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ட்ரிகர். அதை இழுக்க ஐநூறு கிராமுக்குக் குறையாத பலம் தேவைப்பட வேண்டும். குறைந்தால் விரல் பட்டதுமே குண்டு போய்விடும், கை ஆடுவதற்கு நேரமே இருக்காது, மார்க் ஏறும். அதனால்தான் அது குற்றம். சோதிப்பதற்குக் கொக்கி வைத்த ஒரு பித்தளை எடை இருக்கிறது. துப்பாக்கியை மேலே பார்க்க நிறுத்தி, கொக்கியை ட்ரிகரில் மாட்டி, மெதுவாகத் தூக்க வேண்டும். எடை மேசையை விட்டு எழும்பிவிட்டால் பாஸ். அதற்கு முன்னால் 'டக்' என்று கேட்டால் அன்றைக்குச் சுட்டதெல்லாம் குப்பை.

கிளப்புக்கு அப்படி ஓர் எடை இருந்தது. பாய் தனக்கென்று இன்னொன்று கடைந்து வாங்கி வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியில் சுற்றி, கண்ணாடிக் கூட்டில் போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். கண்ணாடிக் கூட்டுக்கு அவரிடம் பஞ்சமில்லை. சிதம்பரம் கீழ வீதியில் அவருடையது கண்ணாடிக் கடை. லென்ஸ் தேய்ப்பது, பிரேம் பொருத்துவது, கண்ணைச் சோதிப்பது எல்லாம் அவர். கல்லாவில் அவர் மனைவி.

ரேஞ்ச் கடலூரில், கெடிலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு முந்திரிக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே மூட்டைகள், மேலே நாங்கள். முந்திரித் தோலின் எண்ணெய் வாடை எங்கள் சட்டை வரைக்கும் ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருவார். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்தில்தான் என் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை. ஆகவே அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் வேலை யாரும் கேட்காமலே என் தலையில் விழுந்தது.

ஒரு போட்டி நாளில் வழக்கம்போல ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் இட்லியும் வாங்கிக் கொடுத்தேன். அன்று பாய் சுடவில்லை, சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தார். போட்டி முடிந்ததும் சீட்டுக் குலுக்கினார்கள். சோதனைக்கு என் பெயர் வந்தது. மூன்று தடவை தூக்கலாம். மூன்று தடவையும் டக்.

"பாய், ஒரு நூலுதான் கொறையுது. வெயில்ல ஸ்பிரிங் எளகியிருக்கும்" என்றேன்.

"இருக்கும் மச்சான். மாடியில சூடு ஜாஸ்தி" என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டே என் பெயர்மேல் கோடு போட்டார்.

பிறகு அதே வண்டியில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பாலம் வரும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பாலத்தின்மேல் அவராகத் தோளைத் தட்டி, "கோவமா இருந்தா எறங்கி நடந்துடறேன். இட்லி மட்டும் நல்லா இருந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வைத்துவிட்டாரே என்று அதற்கும் சேர்த்து ஒரு கோபம் வந்தது.

அவருக்கு ஒரே ஒரு சொல்தான் வேதவாக்கு. "சொல்லாத, காட்டு." ரேஞ்சில் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பேரலுக்குள் ஒரு கலர் நைலான் நரம்பை நுழைத்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட வேண்டும், உள்ளே குண்டு இல்லை என்று பார்ப்பவனுக்குத் தெரிய. "காலியாத்தான் இருக்கு பாய்" என்று யாராவது சொன்னால் போதும், வந்து நிற்பார். "காலின்னு நீ சொல்ற. நரம்பு சொல்லலையே. காட்டு." கடையிலும் இதே கதைதான். போன வருஷத்துப் பவரையே போட்டுக் கொடுங்கள் என்று சீட்டை நீட்டுகிறவரிடம், "சீட்டு இருக்கட்டும், கண்ணக் காட்டுங்க" என்பார். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். கல்லாவில் அவர் மனைவி, "கண்ணத் தொறந்துகிட்டே யாவாரத்தக் கோட்ட வுடற ஆளு இவுங்க ஒருத்தருதான் தம்பி" என்று என்னிடம் முறையிடுவார்.

வறட்டு மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. கிடங்கு முதலாளியின் மருமகன் விலை உயர்ந்த துப்பாக்கி ஒன்று வாங்கி, தன் கைக்குத் தோதாகக் கைப்பிடியில் மரப்பசையை அப்பி வீங்க வைத்துவிட்டான். துப்பாக்கி அளவுப் பெட்டிக்குள் போகவில்லை. மாடியே அவர்களுடையது, இன்றைக்கு விட்டுவிடுங்கள் என்று கிளப் செயலாளர் பாயின் கையைப் பிடிக்காத குறை. பாய் முடியாது என்றார். ஆனால் அந்தக் கைப்பிடியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உப்புத்தாளால் மாலை வரைக்கும் தேய்த்தார். தேய்ப்பார், மருமகன் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார், பெட்டியில் போட்டுப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். கடைசியில் துப்பாக்கி பெட்டிக்குள் போனது. அவன் கைக்கும் பொருந்தியது. பாய் விதியை வளைக்க மாட்டார். விதிக்குள் உங்களை நுழைப்பதற்காக எந்தப் பாடும் படுவார்.

அவர் பயிற்சி செய்வதைப் பார்த்தால் சுட வந்தவர் என்றே சொல்ல முடியாது. குண்டே போட மாட்டார். டார்கெட் அட்டையைப் பார்த்துக்கூட நிற்க மாட்டார். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவரைப் பார்த்து நின்று, கையைத் தூக்கி, பேரல் முனையில் குறி பார்க்க இருக்கும் முன் சைட்டை மட்டும் பார்த்து, ட்ரிகரை இழுப்பார். 'டிக்.' மறுபடியும் தூக்குவார். சில நாள் பேரல்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டு இழுப்பார். காசு ஆடக் கூடாது. ஆடினால் முதலிலிருந்து. பாதி நேரம் இழுக்காமலே கையை இறக்கிவிடுவார்.

"என்னா பாய், தூக்கறதும் எறக்கறதுமா இருக்கீங்க, கொடியேத்தமா?" என்று கேட்டேன்.

"எறக்கறதுதான் மச்சான் பயிற்சி. சரியில்லன்னு தெரிஞ்ச பொறவும் இழுக்கறான் பாரு, அவன்தான் ஆறு, ஏழுன்னு அடிக்கறான்."

பத்துக்கு ஆறும் ஏழும் அடிப்பவன் நான்தான்.

பயிற்சியைத் தொடங்கும் முன் இடது மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பிடிப்பார். முடிந்ததும் ஒரு தடவை. போட்டி என்றால் கட்டாயம். அது ஏன் என்று கேட்டதற்கு, "முன் சைட்டு துடிக்கும் மச்சான், பாத்திருக்கியா? நெஞ்சு ஒரு தட்டு தட்டுனா சைட்டு ஒரு மயிரிழை எழும்பும். ரெண்டு தட்டுக்கு நடுவுல ஒரு எடம் வரும். அங்க வுடணும்" என்றார். நான் என் துப்பாக்கியில் எவ்வளவோ உற்றுப் பார்த்தேன். எனக்கு எல்லாமே ஆடியது, அதில் எது நெஞ்சு எது கை என்று தெரியவில்லை.

அந்த நெஞ்சுதான் ஒருநாள் அவரை மாடிப்படியில் உட்கார வைத்தது. ஏறி வந்துகொண்டிருந்தவர் பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவரிடம், "சொல்லாதீங்க பாய்" என்று அதட்டிவிட்டு, செயலாளர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பறந்தேன். வழியெல்லாம் அவர் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து, நரம்பு போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பிழைத்துக்கொண்டார். ரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பெடுத்து, பை நிறைய மாத்திரையோடு அனுப்பினார்கள்.

மற்றவர்கள் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வார்கள். இவர் ஒவ்வொன்றின் பெயரையும் படித்தார். நெஞ்சுத் துடிப்பை அடக்கி, மெதுவாக ஓட வைக்கும் ஒரு மாத்திரை அதில் இருந்தது. இதய நோயாளிகள் எத்தனையோ லட்சம் பேர் தினமும் போடுகிற சாதாரண மாத்திரை. மற்ற விளையாட்டுக்காரன் அதைப் போட்டால் ஓட முடியாமல் மூச்சு வாங்குவான். எங்கள் ஆட்டத்தில் மட்டும் அது லாபம். துடிப்பு அடங்கினால் கை அடங்கும், கை அடங்கினால் பத்து விழும். ஆகவே துப்பாக்கி சுடுபவனுக்கு அது தடை செய்த மருந்து. போட்டி நாளில் மட்டுமல்ல, என்றைக்குமே. பாய் அந்த அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டார். மற்றதையெல்லாம் வேளை தவறாமல் சாப்பிட்டார்.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அந்த மாத்திரை இல்லாமல் இன்னொரு தடவை வந்தால் படியில் உட்காரக்கூட நேரம் கிடைக்காது. அதற்குப் பதிலாக வேறொன்று கொடுக்க அவருக்கு மனமில்லை.

செயலாளர் சிரித்தே விட்டார். "பாய், இந்த முந்திரிக் கெடங்குக்கு எவன் வந்து உங்க மூத்திரத்தப் புடிச்சு டெஸ்ட் பண்ணப் போறான்?"

"யாரும் வர மாட்டான். நம்ம கிளப்போட பித்தள எட நாலு நாளு காணாம போச்சே, அப்ப ட்ரிகர எளக்கி வச்சுக்கிட்டமா?"

"அனுமதி கேட்டு எழுதிப் போடலாம்" என்றேன் நான்.

"மத்த ஆட்டத்துக்குன்னா குடுப்பாங்க மச்சான். நம்ம ஆட்டத்துக்குக் குதுரக் கொம்பு. விசாரிச்சிட்டேன்."

"அப்பப் போட்டிய வுட்டுத் தொலைங்க. மாத்திரயப் போட்டுக்கிட்டு உசுரோட இருங்க."

"நாள் முழுக்க மத்தவங்க கண்ணுக்குத்தான் மச்சான் வேல பாக்கறேன். இந்தப் பத்து மீட்டரு ஒண்ணுதான் என் கண்ணுக்குன்னு இருக்கு. ஒரே ஒரு தடவ மாநிலப் போட்டிக்குப் போயிட்டேன்னா வுட்டுடறேன். இன்ஷா அல்லாஹ்."

மாநிலப் போட்டிக்குப் போவதற்கான மார்க் அவருக்கு வருஷா வருஷம் கொஞ்சத்தில் தவறிக்கொண்டிருந்தது. அதுவும் எங்களுக்குக் கிண்டலாகத்தான் இருந்தது, அதுவரைக்கும். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. விதியை மதிக்கிறவனை எனக்குப் பிடிக்கும். தன் உயிரைத் தராசில் வைத்து விதிக்கு எடை போடுகிறவனை என்ன சொல்வது? வண்டியில் திரும்பும்போது அவர் என் தோளில் கை வைத்திருந்தார். அந்தக் கையின் துடிப்பு எனக்குத் தெரிவதுபோல இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, வேறு வேலையாகச் சிதம்பரம் போனவன் கடைக்கு எட்டிப் பார்த்தேன். பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தார். உட்காரச் சொல்லி, வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அவுங்க இப்ப எப்புடிச் சுடறாங்க?"

"அத ஏன்க்கா கேக்கறீங்க. ஒரு மாசமா மனுசன் பத்துக்கு மேல பத்தா போட்டுத் தள்றாரு. எங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சலு."

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"நான்தான் தம்பி குடுக்கறேன். விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வந்ததும் இஞ்சி டீ குடிப்பாங்கல்ல, அதுல. டாக்டர்கிட்டப் போயி, முழுங்க மாட்டேங்கறாருன்னு சொன்னேன். பொய்யில்லையே அது. பொடி பண்ணிக் குடுக்கற மாதிரி மாத்தி எழுதிக் குடுத்தாரு. கசப்பு தெரியாம இருக்க இஞ்சிய ஜாஸ்தியாத் தட்டிப் போடறேன்."

"தெரிஞ்சா என்னாக்கா ஆவும்?"

"என்னா ஆனாலும் சரி, ஆவும்போது அவுங்க உசுரோட இருப்பாங்கல்ல." பிறகு, "நான் செய்யறது குத்தமா தம்பி?" என்று கேட்டார்.

குற்றமில்லை என்றேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஒரு மனிதன் தன் வீட்டுக்காரியின் கண்முன்னால் ஒரு விதிக்காகச் செத்துப்போக உரிமை உண்டா என்று பெரிய பெரிய ஆட்கள் வாதாடட்டும். நான் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

ஆனால் அன்று முதல் அவரைப் பார்ப்பதே பாடாகிவிட்டது. வெற்றுச் சுவர்முன் நிற்பார். காசு பேரல்மேல் பசை போட்டு ஒட்டியதுபோல உட்கார்ந்திருக்கும். இறக்குவது குறைந்துபோனது, தூக்கினால் இழுத்துவிடுகிறார். அட்டையில் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, நடுவில் ஒரே பெரிய ஓட்டையாகக் கிழிந்திருக்கும். பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "பாத்தியா மச்சான், அத்தன வருஷம் செவுத்தப் பாத்து நின்னது வீண் போவல" என்பார். ஐம்பதைத் தாண்டிய முகத்தில் பரீட்சையில் பாஸான பையனின் களை. நான், "ஆமா பாய்" என்பேன். என் குரல் எனக்கே பிடிக்காது.

இன்னொன்றையும் கவனித்தேன். அவர் நாடி பிடிப்பதை நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. வருவார், ட்ரிகர் எடையைத் தூக்குவார், நரம்பைப் பார்ப்பார், ஷூ கயிற்றைக்கூட இழுத்துப் பார்ப்பார். மணிக்கட்டை மட்டும் தொடுவதில்லை. மறதி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் பாய் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் போட்டி எங்கள் மாடியிலேயே நடந்தது. பாய் சுடுவதால் சோதனை மேசையில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மனைவியும் கூட வந்திருந்தார். மேலே ஏறி வரவில்லை. கீழே கிடங்கு வாசலில் மூட்டைகளின் நிழலில், பையும் ஃபிளாஸ்க்கும் மடியில் இருக்க உட்கார்ந்துகொண்டார்.

அறுபது குண்டு. பாய் அவசரமே படவில்லை. கடைசிப் பத்தில் எல்லாருக்கும் கை பதறும். கால் நடுங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாய் கடைசிக் குண்டையும் முதல் குண்டைப் போலவே விட்டார். அட்டைகளை எண்ணியதும் செயலாளர் ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்தார். மார்க் தாண்டிவிட்டது, கொஞ்சமாக அல்ல, நன்றாகவே. முதலாளியின் மருமகன் கீழே ஓடி லட்டு வாங்கி வந்தான். பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே, பழைய பழக்கத்தில், வலது கை விரல்கள் இடது மணிக்கட்டுக்குப் போவதை நான் மேசையிலிருந்து பார்த்தேன். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, அவர் மட்டும் அதில் இல்லை.

எழுந்து என் மேசைக்கு வந்தார். சீட்டுக் குலுக்கலில் அவர் பெயர் வரவில்லை. இருந்தும் துப்பாக்கியை வைத்தார். "பாரு மச்சான்."

எடையைத் தூக்கினேன், எழும்பியது. பெட்டியில் போட்டேன், அடங்கியது. கைப்பிடி, ஷூ, குறி பார்க்காத கண்ணை மறைக்கும் பட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரி.

"எல்லாம் சரிதான் பாய்" என்றேன்.

"இது?" என்று மணிக்கட்டை நீட்டினார். "புடிச்சிப் பாரு."

பிடித்தேன். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் தூங்குகிறவனின் நாடிபோல நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அறுவது குண்டு சுட்டு, மாநிலத்துக்குப் போறவனோட நெஞ்சா மச்சான் இது?" என் கண்ணை நேராகப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அந்த முகத்துக்கு முன்னால் வேறு என்ன சொல்ல முடியும்?

அவர் தலையை ஆட்டினார். மாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். அங்கே அவர் மனைவி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தார்.

"கோடு போடு."

"பாய், யாருக்கும் தெரியாது…"

"போடு மச்சான். எனக்கு நீ எழுதற கையி நடுங்கக் கூடாது. நான் உனக்குப் போட்டப்ப நடுங்குச்சா?"

போட்டேன். கோடு கோணலாக விழுந்தது. தடை செய்த மருந்து உடம்பில் இருப்பதாகத் தானே சொல்லி விலகிக்கொண்டார் என்று காரணம் எழுதச் சொன்னார். மருந்து வாய்க்குள் எப்படி வந்தது என்று எழுதச் சொல்லவில்லை. செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். லட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைத் தின்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

படியிறங்கும்போது அவர் கூடவே போனேன். எனக்குப் பொறுக்கவில்லை. "நாடி பாக்கறத ஏன் பாய் நிறுத்துனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

முன்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அதே படியில் நின்றார். "நல்லாச் சுட்டுக்கிட்டு இருந்தேன்ல மச்சான்" என்றார். இன்னொரு படி இறங்கி, "பாக்க பயமா இருந்துச்சு" என்றார்.

கீழே போய், எப்போதும்போல மனைவியின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோவில் அவர்கள் போக, நான் பின்னாலேயே வண்டியில் போனேன். இருவரும் ஆட்டோவில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இனி அந்த மாத்திரையைத் தொட மாட்டார் என்றே நினைத்தேன். திடீரென்று நிறுத்தினால் இன்னும் ஆபத்து என்று வேறு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். ஃபோன் எடுத்தால் நல்ல செய்தி வராது என்று பயந்து, நேரிலேயே போய்விட்டேன். கடை திறந்திருந்தது. பாய் முன்னால் இல்லை. கல்லாவில் இருந்த அவர் மனைவி பாதி இளைத்திருந்தார். "போட்டுக்கறாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"போட்டுக்கறாங்க தம்பி, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "அன்னிக்கி வூட்டுக்கு வந்து ஒரு சொல்லு சொல்லல. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். மறுநாளு தொழுதுட்டு வந்தாங்க. டீ வச்சேன். தொடாம ஒக்காந்திருந்தாங்க. 'அதக் காட்டு'ன்னாங்க. மாத்திர அட்டய எடுத்தாந்து குடுத்தேன். ரெண்டு பக்கமும் திருப்பிப் படிச்சாங்க. 'பிரிச்சுக் குடு'ன்னாங்க. உள்ளங்கையில வச்சேன். எடுத்து வாயில போட்டு, தண்ணி குடிச்சாங்க. தெனம் அப்புடித்தான். நான் காட்டணும், அவுங்க பாக்கணும், பொறவு போட்டுக்கறாங்க. துப்பாக்கிய வித்துட்டாங்க. இனிமே மேசையில மட்டும் ஒக்காருவாங்களாம்."

எனக்கு உயிர் வந்தது. நான் பயந்தது நடக்கவில்லை. விதிக்குள் தன்னை நுழைப்பதற்கு அவர் தன்னையே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். "அப்பறம் என்னாக்கா? ஜெயிச்சது நீங்கதான். ஏன் மூஞ்ச இப்புடி வச்சிருக்கீங்க?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கடையின் பின்கட்டிலிருந்து இஞ்சி வாசனை வந்தது. யாரோ பாத்திரத்தில் கரண்டியால் கலக்கும் சத்தம். "மச்சான் வந்திருக்கானா?" என்று பாயின் குரல் கேட்டது. "இரு, உனக்கும் சேத்துக் கொண்டாறேன்."

அவர் மனைவி கல்லாப்பெட்டியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மாத்திரய என் கையாலதான் வாங்கிக்கறாங்க தம்பி. டீ மட்டும் அவுங்களே போட்டுக்கறாங்க."